முதல் விலைக்கே சரி

போன வாரக் கதையில் கறாரம்மாவின் வீட்டை விட்டு நாம் வெளியே வந்தபோது, எடை மெஷின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவள் அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, "அதுக்கு வாய் நீளம்" என்று சொல்லியிருந்தாள். இன்று காலை அது மறுபடி வெளியே வந்துவிட்டது. வேறு வழி இல்லை. மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய் முகத்தைக் காட்டவேண்டிய நாள்.

கறாரம்மா என்பது கடைத்தெரு வைத்த பெயர். திரைச்சீலைத் துணி விற்கும் கடை அவளுடையது. அவளிடம் துணி வாங்கிக்கொண்டு சிரித்தபடி படியிறங்கியவர்கள் நிறைய உண்டு. ஜெயித்து இறங்கியவர்கள் கிடையாது.

அவள் கணவரை அதே தெரு அளவுக்காரர் என்று கூப்பிடும். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, கம்பி பொருத்தி, திரை மாட்டிவிட்டு வருகிற வேலை. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். விலை பேச மட்டும் வராது. யாராவது "கொஞ்சம் குறைச்சுக்கோங்களேன்" என்றால், "அதை வீட்டுக்காரம்மாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிடுவார். வீட்டில் அடுப்பும் அவர் கையில்தான்.

கறாரம்மாவின் வலது முட்டி தேய்ந்து போயிற்று. ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் உடம்பு முதலில் குறையட்டும் என்று முட்டி டாக்டர் சொல்லி, அடுத்த மாதத் தொடக்கத்தில் ஒரு தேதியும் பிடித்து வைத்திருக்கிறார். அந்தத் தேதி நிலைக்க வேண்டுமானால் இன்று டயட்டீஷியன் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் வாழ்க்கை.

"உட்கார்ந்துகிட்டு விலை பேசினா கெஞ்சற மாதிரியே இருக்குங்க" என்று அவள் ஒரு தடவை சொன்னாள். ஒரே தடவைதான். அளவுக்காரருக்கு அது நெஞ்சில் குத்தி நின்றுவிட்டது.

டயட்டீஷியனிடம் முதல்முறை போனபோது, அவர் வேனை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். இவள் தனியாக உள்ளே போய்விட்டுத் தனியாக வெளியே வந்தாள்.

"எழுநூத்தம்பது" என்றாள்.

"என்னது?"

"கலோரி. ஒரு நாளைக்கு. அவ்வளவுதான் வயித்துக்குள்ள போகணும்."

அன்றிலிருந்து பார்த்தே இராத அந்தப் பெண்மேல் அவருக்கு ஒரு கடுப்பு.

காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு முட்டை, இரண்டு துண்டு ரொட்டி, ஒரு டம்ளர் பால் வைத்தார். கறாரம்மா ஒரு முட்டையைத் திருப்பி அனுப்பினாள். ரொட்டியை, துணி கிழிக்கிற மாதிரி, கண் அளவிலேயே நேர் பாதியாகக் கிழித்தாள். பாலில் பாதி மறுபடி பாத்திரத்துக்கே போயிற்று.

"போதும். வயிறு நிறைஞ்சு போச்சு."

"காக்கா கொத்தினாக்கூட இதைவிட அதிகமா கொத்தும்."

"காக்காவுக்கு முட்டி ஆபரேஷன் இல்லீங்க."

அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைக்கு எடுத்துப்போகும் பூசணிக்காய் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. முதுகால் மறைத்துக்கொண்டு, மேல் தட்டிலிருந்த டப்பாவைத் திறந்து, வறுத்துப் பொடித்த நிலக்கடலையை ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கினார். நின்று யோசித்தார். இன்னொரு கைப்பிடி.

"என்னங்க, இப்போல்லாம் பூசணிக்காய் இவ்வளவு கெட்டியா வருது?" என்றாள் பின்னாலிருந்து.

"நல்ல ஜாதிப் பூசணி."

வெயில் ஏறிய பிறகும் அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. கொஞ்ச நாளாக எப்போதும் குளிருகிறதாம். சீப்பில் சுருண்டிருந்த முடியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அவர் குப்பையில் போட்டார். அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். கடையில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

கடையில் மூன்றாவது ஆள் ஒருத்தி உண்டு. அளவுக்காரரின் தங்கை. துணி வெட்டுவது, மடிப்பது, கூடவே ஊர் வம்பை மடிப்புக் கலையாமல் அடுக்கி வைப்பது. அண்ணி விலை பேசும்போது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, டிக்கெட் எடுக்காமல் படம் பார்க்கிற சந்தோஷத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

அன்று காலை கடைக்கு வந்தவர் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு ஹோட்டலின் மேனேஜர். அத்தனை அறைக்கும் திரை வேண்டும். எல்லாத் துணியையும் தடவிப் பார்த்துவிட்டு, கனமான பச்சை ரகத்தில் கையை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். தொண்டையைச் செருமினார். அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார்.

சொன்னவருக்கே தெரியும், அது சும்மா சொன்ன விலை. இனிமேல்தான் ஆட்டம். கறாரம்மா முதலில் சிரிப்பாள். அப்புறம் துணியைச் சுருட்டி உள்ளே வைப்பாள். அப்புறம், "காலையில சாப்பிட்டீங்களா? பசியில ஏதோ பேசறீங்க" என்பாள். தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அளவுக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

கறாரம்மா மேனேஜரைப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

தங்கை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள்.

"அண்ணி, என்ன சொன்னீங்க?"

"சரின்னேன். எடுத்துக்கட்டும்."

சந்தோஷப்பட வேண்டிய மேனேஜரின் முகம் வெளுத்தது. துணியை மறுபடி தடவினார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். நுனியை முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இது... துவைச்சா சாயம் போகுமோ?"

"போகாது."

"பழைய ஸ்டாக்கோ?"

"போன மாசம் வந்தது."

"இருக்கட்டும்மா. முதலாளியைக் கேட்டுட்டு நாளைக்கு வர்றேன்." மனிதர் நாய் துரத்துகிற வேகத்தில் படியிறங்கினார். கறாரம்மா முதல் விலைக்கே ஒத்துக்கொண்டாள் என்றால் அந்தத் துணியில் என்ன வில்லங்கமோ என்று அவருக்கு உதறல்.

தங்கை அண்ணனை ஒரு ஓரமாக இழுத்தாள். "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போகூட, ஜன்னல் வழியா ஆரஞ்சு விக்கறவன்கிட்ட பேரம் பேசினவங்கண்ணே இவங்க. அவன் பாவம் கடைசியில ரெண்டு பழம் சும்மா குடுத்துட்டுப் போனான். என்னாச்சு இவங்களுக்கு?"

அளவுக்காரர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். "ஏம்மா, உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலை." அவள் பார்வை எங்கேயோ இருந்தது. "அவன் சொன்னது காதுல விழுந்துச்சு. பதில் பேசணும்னு நினைச்சா மாடி ஏறணும்ங்கற மாதிரி இருந்துச்சு. அதான் சரின்னுட்டேன்."

அவர் நிமிர்ந்தார். எழுநூத்தம்பது! இருக்கட்டும், இன்றைக்கு அந்தப் பெண்ணை நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டுவிடுவது. வேனை வழியில் நிறுத்த வேண்டி வந்தாலும் சரி.

டயட்டீஷியனின் அறை ஒரு நீள வராந்தாவின் கடைசியில் இருந்தது. மேசைமேல் மஞ்சளாக, கொழகொழவென்று ஒரு ரப்பர் கட்டி. 'ஒரு கிலோ கொழுப்பு' என்று அதன்மேல் ஒட்டியிருந்தது. அளவுக்காரர் மனதில் உருவாக்கி வைத்திருந்த ராட்சசிக்கும் உள்ளே இருந்த பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. மூக்குக்கண்ணாடி, ஒல்லிக் கை, மேசையில் பாதி கடித்த ஆப்பிள்.

எடை பார்த்தாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தாள். ஒரு கைப்பிடிக் கருவியைக் கொடுத்து, "முடிஞ்ச மட்டும் அழுத்துங்கம்மா" என்றாள். ஒரே இழுப்பில் துணி கிழிக்கிற கை அது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியும் முள் சோம்பேறித்தனமாகக் கொஞ்சம் நகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"எடை இறங்கியிருக்கு" என்றாள் டயட்டீஷியன். குரலில் பாராட்டு இல்லை. "ரொம்ப வேகமா இறங்கியிருக்கு."

"இறங்காம என்ன பண்ணும்?" அளவுக்காரர் வெடித்தார். "எழுநூத்தம்பதுல ஒரு ஆளு எப்படிம்மா நடமாடுவா? உங்களுக்கு இரக்கமே கிடையாதா? இன்னைக்குக் கடையில முதல் விலைக்கே சரின்னு சொல்லிட்டாம்மா! புரியுதா உங்களுக்கு? முதல் விலைக்கே!"

அந்தப் பெண்ணுக்குக் கடைசி விஷயம் புரியவில்லை. முதல் விஷயம் புரிந்தது.

"எழுநூத்தம்பதா? யார் சொன்னது?"

"நீங்கதான்."

"நான் சொன்னது ஆயிரத்து ஐநூறு, சார்."

இருவரும் ஒரே நேரத்தில் கறாரம்மா பக்கம் திரும்பினார்கள். அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆயிரத்து ஐநூறுன்னுதான் ஆரம்பிச்சாங்க. இல்லைன்னு சொல்லலையே" என்றாள். "நான் எழுநூத்தம்பதுல முடிச்சேன்."

"யார்கூடம்மா முடிச்சீங்க?"

"எனக்குள்ளதான்."

டயட்டீஷியன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்கு விளங்காதது அளவுக்காரருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவர்கள் தெருவில் யாரும் கடைசி எண்ணை முதலில் சொல்வதில்லை. சொன்னால் கேட்பவன் சந்தேகப்படுவான். முதலில் சொல்கிற எண்ணில் பாதி காற்று. அதை இறக்கிவிட்டு மிச்சத்தில் வியாபாரம் செய்ய வேண்டும். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவளிடம் ஒருத்தி கண் சிமிட்டாமல் ஆயிரத்து ஐநூறு என்று சொன்னால்?

"நான் பாதிக்கு வருவேன்னு தெரிஞ்சுதானே நீங்க அந்த நம்பரைச் சொன்னீங்க?" கறாரம்மா நியாயம் கேட்டாள். "ஜனங்க எப்படியும் ஏமாத்துவாங்க, அதனால கூடுதலா சொல்லி வைப்போம்னு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வியாபாரின்னு உங்களை மனசுல மெச்சிக்கிட்டேன்."

"அம்மா, நான் எதையும் விக்கலை." டயட்டீஷியன் மெதுவாகச் சொன்னாள். "அது ஏற்கனவே குறைச்ச கணக்கு. உங்க உயரம், வேலை எல்லாம் பார்த்துத்தான் போட்டது. அது வரைக்கும் சாப்பிட்டாலே உடம்பு தானா இறங்கும். அதுக்கும் கீழ போனா, உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவு பண்ணிக்கிட்டு இருக்காது. தசையையும் கரைக்கும். ஆபரேஷன் முடிஞ்சு உங்களை எழுப்பி நிறுத்தப்போறது தொடைத் தசை. அதைத்தான் கரைச்சுட்டு வந்திருக்கீங்க."

கறாரம்மா ரப்பர் கொழுப்பை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"சரக்கை விக்கறேன்னு நினைச்சுக்கிட்டு, ஷெல்ஃபையும் உடைச்சு வித்திருக்கேன்."

"கிட்டத்தட்ட அதேதான்." டயட்டீஷியன் மறுபடி ரத்த முடிவைப் புரட்டினாள். "ஒண்ணுதான் எனக்குப் புரியலை. இவ்வளவு நாள் எழுநூத்தம்பதுன்னா, நீங்க இதைவிட மோசமா இருக்கணும். வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

"சத்தியமா இல்லை."

அளவுக்காரர் கழுத்து டேப்பை ஒரு சுற்று சுற்றினார். "நிலக்கடலை" என்றார்.

"என்னது?"

"வறுத்து, பொடிச்சு, சூப்புல. ஒரு கைப்பிடி. இப்போ கொஞ்ச நாளா ரெண்டு."

கறாரம்மா நாற்காலியிலிருந்து எழப்பார்த்தாள். முட்டி விடவில்லை. "கலப்படமா? என் வீட்டு அடுப்புலயே கலப்படமா? நல்ல ஜாதிப் பூசணின்னு எத்தனை நாளா என் காதுல பூ சுத்தினீங்க!"

"நீ வாடிப்போறதை எவன் பார்த்துக்கிட்டு இருப்பான்?"

"அதனாலதான் எடை நான் போட்ட கணக்குக்கு இறங்கலை! இறங்கலையேன்னுதான் நான் அதுலயும் ஒரு நூறைக் குறைச்சேன்!"

"குறைச்சியா? நீ இன்னும் வாடறியேன்னுதான் நான் ரெண்டாவது கைப்பிடி போட்டேன்!"

டயட்டீஷியன் ஆப்பிளை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஆனால் கையெழுத்து என்ற பேச்சு வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"இந்த நிலைமையில நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. கத்தி வச்ச இடம் ஆறணும். நீங்க மறுபடி எழுந்து நடக்கணும். தேதியைத் தள்ளித்தான் வைக்கணும்."

"எவ்வளவு தள்ளி?"

"அடுத்த இடம் எப்போ காலியாகும்னு தெரியாது. மாசக்கணக்குல ஆகலாம்."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். இப்போ கையெழுத்துப் போட்டுடுங்க, சாப்பாட்டை நான் நாளையிலேர்ந்து..."

"இல்லைம்மா."

"இந்த ஒரு வாரம்..."

"இல்லைம்மா."

அன்று இரண்டாவது தடவையாகக் கறாரம்மாவிடம் பேச்சு தீர்ந்துபோயிற்று. தன் வலது முட்டியைப் பார்த்துக்கொண்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். அளவுக்காரரால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

"தேதியை யாருக்கும் குடுத்துடாதீங்க."

அதைச் சொன்னது யார் என்று அவரே ஒரு கணம் திகைத்தார்.

"மாசத் தொடக்கம் வரைக்கும் நாள் இருக்கில்லம்மா? அதுவரைக்கும் இவ முழுசா சாப்பிடுவா. நான் பொறுப்பு. நீங்க கூப்பிடறப்பெல்லாம் கூட்டிட்டு வர்றேன். அந்தக் கருவியை மறுபடி அழுத்தச் சொல்லுங்க. முள்ளு ஏறலைன்னா நானே வந்து தேதியைத் திருப்பித் தந்துடறேன்." பேசி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. மேசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டயட்டீஷியன் பேனாவைத் தட்டினாள். "அப்படின்னா ஆயிரத்து ஐநூறு பத்தாது. ஆபரேஷன் வரைக்கும் ஆயிரத்து அறுநூறு. முட்டை, மீன், பருப்பு ஒரு வேளைகூட விடக்கூடாது. எடை மெதுவாத்தான் இறங்கும். அதுக்காகப் பதறக்கூடாது."

"ஆயிரத்து எழுநூறு" என்றார் அளவுக்காரர்.

"ஐயோ, என்னங்க!" கறாரம்மா பதறிவிட்டாள். "எங்கேயாவது இறக்கச் சொல்ற இடத்துல ஏத்துவாங்களா?"

"அறுநூறே போதும் சார்" என்றாள் டயட்டீஷியன்.

"சரி, அறுநூறு. முடிச்சுக்கலாம்."

"நான் முடிச்சுட்டேன். முட்டி டாக்டர் முடிக்கணும். அவர் இப்போ ஆபரேஷன்ல இருக்கார். நான் எடுத்துச் சொல்றேன். தேதியை நிறுத்தி வைப்பாரா மாட்டாரான்னு சாயங்காலம் உங்களுக்கு போன் வரும்."

வேன் ஒரு தெருவைத் தாண்டியது.

"கல்யாணம் ஆன நாளா இன்னைக்குத்தான் நீங்க பேரம் பேசிப் பார்த்தேன்" என்றாள் அவள்.

"எப்படி?"

"கண்றாவி. மேசையைப் பார்த்துக்கிட்டா பேசுவாங்க? எதிராளி கண்ணைப் பார்க்கணும். எடுத்த எடுப்புலயே 'நான் பொறுப்பு'ன்னு சொல்லுவாங்களா? அது கடைசியா இறக்கற சீட்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு பாருங்க" என்று சொல்லி, கியர் மாற்றிய அவர் கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும் வரை விடவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே அவர் அடுப்பைப் பற்றவைத்தார். பொரித்த மீன், வேகவைத்த உருளைக்கிழங்கு, கீரை, ரொட்டி. எதையும் பாதியாக்காமல் ஒரே தட்டில் வைத்தார். போனை மேசை நடுவில் நிமிர்த்தி வைத்தார். அவள் தட்டை ஒரு தடவையும், போனை ஒரு தடவையும் பார்த்தாள்.

"இவ்வளவா?"

"இவ்வளவும்."

பழக்கம் விட்டுப்போன வயிறு. முதல் சில வாய்கள் பாதி வழியில் நின்று நின்று போயின. மென்றாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி மென்றாள். பார்த்துக்கொண்டே நின்றால் பாதியில் வைத்துவிடுவாளோ என்று பயந்து, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கனவே கழுவிய வாணலியை மறுபடி கழுவினார்.

தட்டில் ஸ்பூன் உரசும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

வைத்துவிட்டாள், என்று நினைத்தார்.

"ஏங்க."

"ம்."

"எனக்குப் பசிக்குது."

திரும்பினார். தட்டு காலி. கீரைத் தண்டுகூட மிச்சமில்லை.

இந்த வார்த்தையை அவள் வாயால் அவர் கேட்டதில்லை. வேண்டும் என்பதை முகத்தில் காட்டிவிட்டால் எதிராளி விலையை ஏற்றிவிடுவான் என்று பயந்தே வளர்ந்த குடும்பம் அவளுடையது. பிடித்த புடவையைக்கூட, "இதுவா, சுமார்தான்" என்று சொல்லித்தான் வாங்குவாள். இத்தனை வாரமாக, "வயிறு நிறைஞ்சு போச்சு" என்று சொன்னதும் அதே முகத்தோடுதான்.

"எத்தனை நாளா பசிக்குது?"

"முதல் நாள்லேர்ந்து."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா நீங்க போட்டிருப்பீங்க. போட்டா நான் சாப்பிட்டிருப்பேன்." அவள் கண் லேசாகக் கலங்கி, உடனே கறாராகிவிட்டது. "நிலக்கடலைகூடத் தெரியாம போகலை. ரெண்டாவது நாளே நாக்குல பட்டுச்சு. என்னன்னுதான் தெரியலை. தெரிஞ்சுக்கவும் வேணாம்னு இருந்துட்டேன்."

விரலை மடக்கி ஒரு கணக்குப் போட்டார். ஆயிரத்து அறுநூறில் இன்னும் இடம் இருந்தது. ஒரு துண்டு மீனும், பக்கத்தில் கொஞ்சம் கிழங்கும் தாராளமாகப் போகும். கரண்டியை எடுத்தார்.

மேசையில் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரி எண்.

கரண்டியோடு அவர் கை அந்தரத்தில் நின்றது. அவள் போனைப் பார்த்தாள். ஒரு கை தானாக முட்டிக்குப் போயிற்று.

"எடுங்க" என்றாள். அப்புறம் இன்னொரு கையால் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"போட்டுட்டு எடுங்க."